குழாயை எப்போது எடுப்பார்கள்?

தியானத்திற்கான வேதபகுதிகள்: சங்கீதம் 131, மாற்கு 8:22-26



இந்த வாரத் தியானத்தை ஓர் அறிக்கையோடு தொடங்குகிறேன். போதகனாகிய நான் சென்ற ஆண்டு செய்த தவறு ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. இதில் வரும் குடும்பத்தாரின் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

நம் சபையின் சகோதரர் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்து சரியானது. பத்து நாட்கள் கழித்து அவருடைய பாதங்கள் மரத்துப்போயின. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தின் படிகளில் ஏறத் தடுமாறினார். செவ்வாய்க்கிழமை எழுந்து நிற்கவே இயலவில்லை. கில்லன்-பாரே என்னும் நோய் அது. கிருமியை எதிர்த்துப் போராட வேண்டிய உடலின் காவற்படை, தவறுதலாகத் தன் சொந்த நரம்புகளையே தாக்கிவிடும். கால்களில் தொடங்கும் தளர்ச்சி மேல்நோக்கி ஏறும். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அது மார்புவரை ஏறி, மூச்சு விடும் தசைகளையும் தளர்த்திவிடும்.

மருத்துவமனையில் மருத்துவர் அவரிடம், ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று எண்ணிக்காட்டச் சொன்னார். இளவயதில் சடுகுடு ஆட்டத்தில் மூச்சுப் பிடித்து எதிரணியின் எல்லைக்குள் நெடுநேரம் நின்றவர் அவர். அன்று ஒன்பதோடு நின்றுவிட்டார். அன்றிரவே அவருடைய வாய்வழியாகக் குழாய் செலுத்தப்பட்டு, வெண்டிலேட்டர் என்று நாம் சொல்லும் செயற்கைச் சுவாசக் கருவியோடு இணைக்கப்பட்டார்.

அந்த நாள் முதல் சபையெங்கும் ஒரே கேள்வி: "ஐயா, குழாயை எப்போது எடுப்பார்கள்?"

பன்னிரண்டாம் நாள், ஒரு சனிக்கிழமை, குழாயை எடுத்தார்கள். அன்றிரவு ஸ்தோத்திர ஜெபம் வைத்தோம். மறுநாள் ஆராதனையில் நான் பிரசங்க பீடத்திலிருந்து அதை அறிவித்தேன். சபை கைதட்டி ஆண்டவரைத் துதித்தது. அன்று மாலையே அவர் மூச்சு களைத்துப்போனது. குழாய் மறுபடியும் போடப்பட்டது.

அடுத்த சில நாட்களில் என் காதில் விழுந்த பேச்சுகளை எழுதவே மனம் கூசுகிறது. "விசுவாசக் குறைவு" என்றார்கள் சிலர். "வீட்டில் ஏதோ மறைவான காரியம் இருக்கிறது" என்றார்கள் வேறு சிலர். அந்தச் சகோதரியைப் பார்க்க மருத்துவமனைக்குச் சென்றபோது, அவர் தாழ்வாரத்தில் விரித்திருந்த பாயை மடித்துக்கொண்டே கேட்டார்: "ஐயா, சனிக்கிழமை ராத்திரி ஜெபத்தில் நான் கொஞ்ச நேரம் கண்ணயர்ந்துவிட்டேன். அதனால்தான் இப்படி ஆயிற்றா?"

பன்னிரண்டு இரவுகள் சரியாகத் தூங்காத ஒரு மனைவி கேட்ட கேள்வி அது. நான் அவரை நேராகப் பார்த்து, "இல்லை, அம்மா, ஒருபோதும் இல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். "கர்த்தர் பார்த்துக்கொள்வார், அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அதுவே என் தவறு. சபையில் எழுந்த பேச்சுகளையும் நான் கண்டிக்கவில்லை. அந்த இரண்டு மௌனங்களுக்கும் சேர்த்தே இன்று எழுதுகிறேன்.

அன்பானவர்களே, முதலாவது ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்வோம். வெண்டிலேட்டரிலிருந்து ஒருவரை விடுவிப்பது, மின்விசிறியை நிறுத்துவதுபோல ஒரு நொடியில் முடிகிற வேலையன்று. கருவி மூச்சைச் சுமக்கும் நாட்களில், மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற உதரவிதானம் என்னும் தசை வேலையின்றிக் கிடக்கிறது. இரண்டு மூன்று நாட்கள் முற்றிலும் ஓய்ந்திருந்தாலே அதன் இழைகள் மெலிந்துவிடுகின்றன. ஆகவே நம்மைத் தாங்குகிற அதே கருவி, நம்மைத் தளரவும் செய்கிறது. சீக்கிரம் எடுத்தாலும் ஆபத்து, தாமதித்தாலும் ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவே வழி கண்டுபிடிப்பதே மருத்துவரின் பாரம்.

அதற்காக அவர்கள் ஒரு சோதனை வைக்கிறார்கள். நோய் தணிந்திருக்கிறதா, இரத்த அழுத்தம் நிலையாக இருக்கிறதா, இருமிச் சளியை வெளியேற்றும் பலம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பின்பு கருவியின் உதவியை நிறுத்தியோ, மிகவும் குறைத்தோ, முப்பது நிமிடம் முதல் இரண்டு மணி நேரம்வரை நோயாளியைத் தானாக மூச்சுவிட வைத்து அருகிலிருந்து கவனிக்கிறார்கள். மூச்சு வேகவேகமாகவும் மேலோட்டமாகவும் மாறினால், வியர்த்துக் கொட்டினால், மறுபடியும் கருவியின் துணையைக் கொடுத்து இளைப்பாறச் செய்கிறார்கள். மறுநாள் மீண்டும் சோதிக்கிறார்கள்.

இந்த "மறுநாள் மீண்டும்" என்பது முக்கியமானது. 1996இல் அமெரிக்காவில் 300 நோயாளிகளிடம் செய்யப்பட்ட ஓர் ஆய்வு வெளியானது. ஒவ்வொரு நாளும் தவறாமல் சோதித்துப் பார்க்கப்பட்டவர்கள் சராசரியாக நாலரை நாட்களில் கருவியிலிருந்து விடுபட்டார்கள். வழக்கமான முறையில் பராமரிக்கப்பட்டவர்களுக்கு ஆறு நாட்கள் ஆயின. அனுபவமுள்ள மருத்துவரின் கணிப்பைக் காட்டிலும், தினந்தோறும் பொறுமையோடு கேட்டுப் பார்ப்பதே மேலாக இருந்தது. வனாந்தரத்தில் மன்னாவை அன்றன்று பொறுக்கிக்கொள்ளும்படி கற்பிக்கப்பட்ட ஜனத்தின் வழியில் வந்த நமக்கு இது புதிய பாடமன்று.

அப்படியெல்லாம் சோதித்துத் தேறியவர்களிலும், பத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ குழாயை மறுபடியும் போட வேண்டியதாகிறது. நம் சகோதரர் அவர்களில் ஒருவர். அங்கே யாருடைய விசுவாசமும் தோற்கவில்லை. அவருடைய நரம்புகள் இன்னும் ஆறவில்லை, அவ்வளவுதான்.

வேதத்தைத் திறந்து பாருங்கள். பெத்சாயிதாவில் ஒரு குருடனை நம் ஆண்டவர் தொட்டார். முதல் தொடுதலில் அவனுக்குப் பார்வை அரைகுறையாகவே வந்தது. மனிதர் நடமாடும் மரங்களைப்போலத் தெரிந்தார்கள். ஆண்டவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. உன் விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. என்ன தெரிகிறது என்று விசாரித்தார், அவன் சொன்ன உண்மையைக் கேட்டார், மறுபடியும் தொட்டார். ஆண்டவருடைய கரமே இரண்டாம் முறை தொட்டிருக்க, ஒரு மருத்துவரின் கரம் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் முயல்வதைப் பார்த்து நாம் ஏன் இடறுகிறோம்?

கருவியிலிருந்து நோயாளியைப் படிப்படியாக விடுவிப்பதை மருத்துவர்கள் ஆங்கிலத்தில் 'வீனிங்' என்கிறார்கள். குழந்தையைப் பால் மறக்கச் செய்வதற்கும் அதே சொல்தான். இதை அறிந்த நாளில் சங்கீதம் 131 எனக்குப் புதிதாகத் திறந்தது. தாவீது தன் ஆத்துமாவை, பால் மறந்து தாயின் அருகில் அமைதியாயிருக்கிற குழந்தைக்கு ஒப்பிடுகிறார். நம் ஊர்த் தாய்மார் எப்படிப் பால் மறக்கச் செய்வார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். முதலில் கஞ்சியை ஊட்டுவார்கள். இட்லியை மசித்துக் கொடுப்பார்கள். குழந்தை அதை உண்ணப் பழகிய பிறகே வேப்பிலையை அரைத்து மார்பில் தடவுவார்கள். குழந்தை இரவெல்லாம் அழும். அந்த அழுகையினிடையே தாய் அதைத் தூக்கிக்கொண்டு நடப்பாளே தவிர, கீழே விட்டுவிடுவதில்லை. ஒரு நாள் பொறுக்க முடியாமல் மறுபடியும் பால் கொடுத்துவிட்டால், அந்தத் தாயை யாராவது தோற்றவள் என்பார்களா?

இறையியல் கல்லூரியில் எபிரெயம் கற்ற நாட்களில் குறித்துவைத்த ஒன்றும் நினைவுக்கு வருகிறது. பால் மறப்பதைக் குறிக்கும் எபிரெய வினைச்சொல்லுக்குக் கனிந்து முதிர்தல் என்ற பொருளும் உண்டு. ஆரோனின் கோலில் வாதுமைப் பழங்கள் பழுத்ததைச் சொல்லும் இடத்தில் வருவதும் அந்தச் சொல்தான். காயைப் பறித்தால் காம்பு கிழிந்து பால் வடியும். கனிந்த பழமோ கைபட்டதும் கழன்று வரும். நாம் ஜெபிக்க வேண்டியது அந்தக் கனிவுக்காகவே.

அந்தச் சகோதரருக்கு அடுத்து வந்த சோதனை இன்னொன்று. தொண்டையின் முன்புறத்தில் சிறு துளையிட்டு, அதன்வழியே குழாய் வைக்க வேண்டும் என்றார்கள் மருத்துவர்கள். உறவினர் நடுங்கினார்கள். "தொண்டையில் ஓட்டை போட்டால் அவ்வளவுதான்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மூன்று நாட்கள் குடும்பம் கையெழுத்திட மறுத்தது. அந்த மூன்று நாட்களும் மருத்துவரோடு அமர்ந்து கேட்காமல் நானும் தயங்கிக்கொண்டிருந்தேன்.

கேட்டபோது விளங்கியது. நீண்ட நாள் கருவி தேவைப்படுகிறவருக்கு அந்தத் துளை ஒரு வழித்துணை. வாயிலிருந்து குழாய் நீங்குவதால் மயக்க மருந்தைக் குறைக்கலாம், வாயைச் சுத்தம் செய்யலாம், சளியை எளிதாக எடுக்கலாம். களைத்துப்போனால் உடனே கருவியோடு இணைக்கலாம். தேறினால் உடனே பிரிக்கலாம். தேவை முடிந்தபின் குழாயை எடுத்துவிட்டால், பெரும்பாலும் துளை தானாகவே மூடிக்கொள்ளும். பயந்ததெல்லாம் அறியாமையால் பயந்தோம்.

அதன்பின் மெதுவாக நடந்தது விடுதலை. முதல் நாள் பத்து நிமிடம் தானாக மூச்சுவிட்டார். பின்பு இருபது நிமிடம். ஒரு மணி நேரம். ஒரு நாள் காய்ச்சல் வந்து எல்லாம் பின்னுக்குப் போயிற்று. மறுபடியும் பத்து நிமிடத்திலிருந்து தொடங்கினார்கள். பகலில் உழைப்பு, இரவில் கருவியின் மடியில் இளைப்பாறுதல். செவிலியர் ஒருவர் ஒவ்வொரு நாளின் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிப் படுக்கைக்கு எதிரே ஒட்டிவைத்தார். இயன்முறை மருத்துவர் அவரைக் கருவியோடேயே நாற்காலியில் உட்காரவைத்தார். எட்டாம் வாரத்தில் ஒரு முழு இரவும் பகலும் கருவியின்றிக் கடந்தன.

அவர் பேசத் தொடங்கியபின் என்னிடம் சொன்ன ஒன்றை உங்களிடம் மறைக்கலாகாது. குழாய் இரண்டாம் முறை போடப்பட்ட வாரத்தில், நம்பிக்கை இழந்தவனாய், அவர் படுக்கையருகே நின்று நான் ஒரு ஜெபம் செய்தேன். ஆண்டவரே, உமது சித்தமானால் இவரைச் சமாதானமாய்ச் சேர்த்துக்கொள்ளும் என்று ஜெபித்தேன். அவருக்கு நினைவில்லை என்று எண்ணினேன். அவர் புன்னகையோடு சொன்னார்: "ஐயா, நீங்கள் என்னை வழியனுப்பி ஜெபித்தீர்கள். இன்னும் இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு விரல்கூட அசையவில்லையே என்று தவித்தேன். உறவுக்காரர்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் பேசியதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்."

இந்த நோயில் உடல் அசையாவிட்டாலும் அறிவு தெளிவாகவே இருக்கும். கருவியில் இருக்கிற மற்ற நோயாளிகளிலும், நாம் நினைப்பதைக் காட்டிலும் அதிகமாய்க் கேட்கிறவர்கள் உண்டு. ஆகவே, அன்பானவர்களே, என் கருத்தைத் திட்டமாய்ச் சொல்லுகிறேன். சபையார் நோயாளியின் படுக்கையண்டைக்கு வார்த்தைகளைக் கொண்டுவருமுன், மருத்துவர் சொல்வதையும் நோயாளி சொல்ல இயலாமலிருப்பதையும் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். நம் ஜெபங்கள் அங்கிருந்து பிறக்கட்டும்.

அதன்படி சில காரியங்களை முன்வைக்கிறேன்.

நாள் குறித்து ஜெபிக்காதிருப்போம். "இன்று குழாய் வெளியே வந்தே தீரும்" என்று நாம் முழங்கினால், வராதபோது அந்தப் பாரம் ஆண்டவர்மேல் விழாது, மனைவியின்மேல் விழும். இன்றைய பத்து நிமிடத்திற்காகவும், இன்றைய இருமலின் பலத்திற்காகவும், இன்றிரவின் தூக்கத்திற்காகவும் ஜெபிப்போம்.

நோயாளியைப் பற்றிப் பேசாமல், நோயாளியோடு பேசுவோம். நாம் யார் என்பதையும், இன்று என்ன கிழமை என்பதையும் சொல்வோம். நம் சகோதரரின் மகள், வலி, சளி, தாகம், திருப்பிப் படுக்கவை, பயமாயிருக்கிறது என்று ஐந்து காரியங்களைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிவைத்தாள். ஒவ்வொன்றாய்ச் சுட்டிக்காட்ட, அவர் கண் சிமிட்டிப் பதில் சொன்னார். அவர் அதிகமாய்த் தெரிந்துகொண்டது "பயமாயிருக்கிறது" என்பதைத்தான்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் ஒழுங்கை மதிப்போம். இருமலும் சளியும் உள்ளவர் போகலாகாது. கைகழுவாமல் தொடலாகாது. எண்ணெய் பூசி ஜெபிக்க விரும்பினால் முதலில் செவிலியரிடம் கேளுங்கள். அடுத்த படுக்கையிலும் ஒருவர் மூச்சுக்காகப் போராடுகிறார். உரத்த சத்தம் அங்கே வேண்டாம்.

இன்னொன்று கடினமானது. எல்லாரும் கருவியிலிருந்து மீண்டு வருவதில்லை. சிலருடைய நுரையீரலோ மூளையோ திரும்பாத எல்லையைக் கடந்துவிடும். அப்போது மருத்துவர், இனிக் கருவி மரணத்தை நீட்டிக்கவே செய்கிறது என்று சொல்லக்கூடும். அந்த நிலையில் சிகிச்சையை விலக்கிக்கொள்வதற்கு நம் உச்ச நீதிமன்றம் 2018இல் வழி வகுத்து, 2023இல் அந்த நடைமுறையை எளிதாக்கியது. மருத்துவர் குழுக்கள் ஆராய்ந்து, குடும்பத்தாரும் இசைந்த பின்னரே அது செய்யப்படும். அப்படிப்பட்ட முடிவுக்கு வந்த குடும்பத்தைக் கொலைக்காரரென்றோ அவிசுவாசிகளென்றோ யாரும் சொல்லாதிருப்பீர்களாக. உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிற நாம் எந்தக் கருவியையும் கடைசி நம்பிக்கையாக வைத்தவர்களல்ல. ஆனால் சுகத்திற்காகக் கருவியை விலக்குவது வேறு, விடைபெறுவதற்காக விலக்குவது வேறு. எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். நான் அதைக் கேட்காமலே என் ஜெபத்தை மாற்றிவிட்டேன்.

முடிவாக ஒரு வரலாறு. 1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் கொடூரமாய்ப் பரவியது. முதல் மூன்று வாரங்களில் சுவாசம் பாதிக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் மாண்டார்கள். மயக்கவியல் மருத்துவரான பியோர்ன் இப்சன், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தும் வழியைக் காட்டினார். அத்தனை நோயாளிகளுக்கும் கருவிகள் இல்லை. ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு, இரவும் பகலும் படுக்கையருகே அமர்ந்து, நோயாளி தானாக மூச்சுவிடும்வரை வாரக்கணக்கில் அந்தப் பையை அழுத்தினார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தொடக்கம் அங்கேதான் என்பார்கள்.

பையை அழுத்தும் வேலையை இன்று கருவி செய்கிறது. ஆனால் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கிறவர்களுக்கு எந்தக் கருவி இருக்கிறது? ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும்படி கற்பிக்கப்பட்ட நாம் அங்கே முறை வைத்து அமரலாமே. இன்றும் நம் சபையின் குடும்பம் ஒன்று அந்தத் தாழ்வாரத்தில் இருக்கிறது. தாயார் கருவியில் ஒன்பதாம் நாள். ஒரு வேளைச் சோறு, ஓர் இரவுக் காவல், மருந்துக்கடைக்கு ஒரு நடை, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப ஓர் ஆள் ஆகிய நான்கும் தேவை. ஆராதனை முடிந்ததும் மூப்பரிடம் உங்கள் பெயரையும் உங்களால் இயன்ற நாளையும் கொடுங்கள்.

ஈசாக்கு பால் மறந்த நாளில் ஆபிரகாம் பெரிய விருந்து செய்தார் என்று ஆதியாகமம் 21இல் வாசிக்கிறோம். நம் சகோதரரின் தொண்டைத் துளை மூடிய பிறகு, அவர்கள் வீட்டில் நன்றி ஜெபத்திற்கு என்னை அழைத்தார்கள். சாட்சி சொல்ல அவரை நான் வற்புறுத்தவில்லை. கால்கள் இன்னும் பலப்படவில்லை, இரவில் கெட்ட கனவுகளும் வருகின்றன. ஆனால் பந்தியில் அமர்ந்திருந்த பிள்ளைகள் கேட்டுக்கொண்டதால், ஒரே மூச்சில் எண்ணிக் காட்டினார். முப்பத்திரண்டு வரை வந்தார். அதன்பின் அவர் மனைவியிடம், எல்லார் முன்பாகவும், அன்று நான் சொல்லத் தவறியதைச் சொன்னேன்: "அம்மா, நீங்கள் கண்ணயர்ந்ததால் அல்ல."

ஜெபம்:

ஜீவசுவாசத்தைத் தந்த எங்கள் பிதாவே, இந்த வேளையில் கருவியின் துணையோடு மூச்சுவிடுகிற ஒவ்வொருவரையும் நினைத்தருளும். அவர்கள் அருகிலிருக்கும் மருத்துவருக்கும் செவிலியருக்கும் பொறுமையையும் ஞானத்தையும் தாரும். தாழ்வாரங்களில் காத்திருப்போரைக் குற்றவுணர்வினின்று விடுவியும். எங்கள் அவசர வார்த்தைகளையும் கோழை மௌனங்களையும் மன்னியும். இயேசு கிறிஸ்துவின் மூலம் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்